கிண்ணத்தின் அடிப்பக்கம்

திருப்பலியில் குருவானவர் உயர்த்திப் பிடிக்கும் இரசக் கிண்ணம் வெள்ளியால் ஆனதோ செம்பால் ஆனதோ, அதன் உட்புறத்தில் பொன்முலாம் பூசியிருப்பது நெடுங்கால வழக்கம். ஏன் என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். பொன் மாசுபடாதது, அழியாதது, ஆகையால் கிறிஸ்துவின் இரத்தம் தங்குவதற்கு அதுவே தகுந்தது என்பார் மறையியல் படித்தவர். தட்டாரின் விடை வேறு: திராட்சை இரசம் புளிப்புள்ளது, செம்பில் பட்டால் களிம்பேறும், குடித்தால் குமட்டும். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கும் முன் அதற்கு ஈயம் பூசியிருக்கிறதா என்று பார்த்த நம் பாட்டிமாருக்கு இந்த இரண்டாம் விடையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய இடைக்காலத்துத் திருச்சபைச் சட்டத் தொகுப்புகளும் இதைத்தான் சொல்லின. மரம் உறிஞ்சும், கண்ணாடி உடையும், செம்பும் வெண்கலமும் களிம்பேறி வாந்தி வரவழைக்கும். ஆகவே கிண்ணம் பொன்னிலோ வெள்ளியிலோ இருக்கட்டும் என்றன. இவ்விரு விடைகளில் எது முந்தியது என்பதே கிறிஸ்தவ வழிபாட்டு உலோகக் கலையைப் பற்றிய ஆராய்ச்சியின் மையக் கேள்வி என்று நான் கருதுகிறேன். சின்னங்களை அகராதிபோல் அடுக்கி, இது இதைக் குறிக்கும் என்று சொல்லிப் போகும் நூல்கள் ஏராளம். அவை பட்டறையை மறந்துவிடுகின்றன. கையில் ஏந்திப் புழங்கும் வழிபாட்டுப் பாத்திரங்களைப் பொறுத்தவரை, பொருள் முதலில் பிறந்தது பட்டறையிலும் பீடத்திலும்தான். விளக்கவுரை பின்னால் வந்தது.

அதே சட்டத்தில் நம் மலேசிய மண்ணைத் தொடும் விதிவிலக்கு ஒன்றும் உண்டு. பொன்னுக்கோ வெள்ளிக்கோ வழியில்லாத ஏழைக் கோயில் வெள்ளீயக் கிண்ணமாவது வைத்துக்கொள்ளலாம் என்பது அது. வெள்ளீயம் எளிதில் களிம்பேறாது, குடிப்பவருக்குக் கெடுதி செய்யாது. இறந்த குருக்களோடு கல்லறையில் வைத்த கிண்ணங்களும் பெரும்பாலும் ஈயக் கலவையில் செய்த எளியவையே. இந்த உலோகத்தின் பெயரே மலாய்த் தீபகற்பத்தின் பக்கம் கைகாட்டுகிறது. ஈயம் பூசுவதற்குத் தமிழில் கலாய் என்றொரு சொல் உண்டு. அதன் மூலமான அரபுச் சொல், அரபு மாலுமிகள் ‘கலா’ என்று அழைத்த ஈயத் துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்ததெனச் சொல்லாராய்ச்சியாளர் பலர் கொள்கின்றனர். அந்தத் துறைமுகத்தைக் கெடா கடற்கரையில் தேடுவோரும் உண்டு. பின்னாளில், 1885இல் கோலாலம்பூரில் தொடங்கி இன்று ராயல் சிலாங்கூர் என்று உலகறிந்த ஈயப் பட்டறையும் முதலில் செய்தது சீனர் வீட்டு வழிபாட்டு மேடைக்கான ஊதுவத்தித் தாங்கிகளையும் மெழுகுவத்தித் தண்டுகளையும்தான். வழிபாடும் வெள்ளீயமும் இந்த நாட்டில் பழைய உறவினர்.

பட்டறைக்குள் நுழைய நமக்கு ஒரு நல்ல வழிகாட்டி இருக்கிறார். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெயோபிலுஸ் என்ற புனைபெயரில் ஒரு துறவி, கைவினைகளைப் பற்றி இலத்தீனில் மூன்று பாகங்களாக ஒரு நூல் எழுதினார். ஜெர்மனியின் ஹெல்மார்ஷௌசன் மடத்துப் பொற்கொல்லர் ரோஜரே அவர் என்று கருதுவோர் பலர். முதல் பாகம் ஓவியம், இரண்டாவது கண்ணாடி, மூன்றாவது உலோகம். உலோகப் பாகமே மிக நீளமானது. அது கிண்ணத்திலிருந்து தொடங்குவதில்லை. பட்டறையை எப்படிக் கட்டுவது, சாளரம் எங்கே வைப்பது, உலையும் துருத்தியும் பட்டடையும் சுத்தியலும் எப்படி அமைய வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறது. பிறகுதான் வெள்ளியைப் புடமிடுதல், கிண்ணத்தை அடித்து எழுப்புதல், கைப்பிடி வார்த்தல், அப்பத்தட்டு, வடிகட்டி, தூபக்கலசம், மணி என்று வரிசையாகச் செல்கிறது. தூய ஆவியின் ஏழு கொடைகளைப் பற்றி அவர் பேசுமிடம் கூர்ந்து கவனிக்க வேண்டியது. ஞானம், மெய்யுணர்வு, திடம் முதலியவற்றை அவர் பாத்திரத்தின் உறுப்புகளோடு பொருத்தவில்லை, கைவினைஞனின் குணங்களோடு பொருத்துகிறார். எந்த வேலையை எந்த ஒழுங்கில் செய்வது, சோம்பலை எப்படி உதறுவது, கற்றதை மறைக்காமல் எப்படிச் சொல்லித்தருவது என்பவையே அவருக்குக் கொடைகள். உருவத்துக்குப் பொருள் சொல்வது அவரிடம் அரிது. வார்ப்புத் தூபக்கலசத்தில் மட்டும் அதைச் செய்கிறார்: வாயில்களும் கோபுரங்களும் திருத்தூதர்களும் கொண்ட விண்ணக எருசலேமாக அதை வார்க்கச் சொல்கிறார். அங்கும் கோபுரத்துச் சாளரங்கள் புகை வெளியேறும் துளைகள். நகரமும் துளையும் ஒரே மெழுகில் உருவாகின்றன.

இதற்கு நேர்மாறாக, 1280களில் மாந்து ஆயர் துராந்துஸ் வழிபாட்டுப் பொருள்களுக்கெல்லாம் பொருள் சொல்லும் பெருநூலை எழுதினார். கிண்ணத்தைக் கல்லறை என்றும் அப்பத்தட்டை அக்கல்லறையை அடைத்த கல் என்றும் கொள்ளும் மரபுவிளக்கத்தை அவர் தொகுத்துத் தந்தார். என் வாதத்துக்கு எதிராக முதலில் நீட்டப்படும் சான்று இந்நூல்தான். சின்னம் முன்கூட்டியே வகுக்கப்பட்டதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்பார்கள். ஆனால் தூபக்கலசச் சங்கிலிகளைப் பற்றி அவர் எழுதியதைப் பாருங்கள். நான்கு சங்கிலி என்றால் நான்கு பூதங்கள் அல்லது நான்கு நற்பண்புகள். மூன்று என்றால் கிறிஸ்துவின் உடல், ஆன்மா, இறைத்தன்மை. ஒன்றே என்றால், மாசின்றிக் கன்னியிடம் பிறந்தவர் அவர் ஒருவரே என்பது. எத்தனை சங்கிலி இருந்தாலும் அதற்கொரு பொருள் காத்திருக்கிறது. அப்படியானால் எண்ணிக்கையை முடிவுசெய்தவர் யார்? கனலும் கலசம் சாயாமல் ஆட வேண்டும், மூடியை ஒரு கையால் தூக்க வேண்டும் என்று கணக்கிட்ட கொல்லரே. துராந்துஸ் தம் முன்னிருந்த பொருளை வாசித்தார், அதை வகுக்கவில்லை. இப்படிச் சொல்வது அவரைச் சிறுமைப்படுத்துவது ஆகாது. மக்கள் கண்முன் ஆடும் ஒன்றிலிருந்து தியானத்தைப் பிறப்பித்தது பெரிய பணிதான், ஆனால் அது இரண்டாவது பணி.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆஸ்திரியாவின் குளோஸ்டர்நொய்பர்க் மடத்துக்கு வெர்தூன் நிக்கோலாஸ் 1181இல் செய்து முடித்த எனாமல் தகடுகள் மூன்று வரிசையில் அமைந்தவை. திருச்சட்டத்துக்கு முந்திய காலம், அருளின் காலம், திருச்சட்டத்தின் காலம் என்று ஒவ்வொரு பத்தியிலும் மூன்று நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று விளக்கும். வேதநூல் கற்றவர் வகுத்துக் கொடுத்த திட்டம் இது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நின்று வாசிப்பதற்கான சுவர்முகப்பு, கையில் எடுத்துப் புழங்கும் பாத்திரம் இல்லை. படிக்கச் செய்த பொருளில் பாடம் முந்துவது இயல்பு. ஏந்தவும் ஊற்றவும் புகைக்கவும் ஏற்றவும் செய்த பொருள்களில் அந்தச் செயலே முந்துகிறது.

அயர்லாந்தின் ஆர்டா கிண்ணம் இதற்கு நான் காட்டும் தலைசிறந்த சான்று. 8ஆம் நூற்றாண்டுப் பொருள், 1868இல் லிமெரிக் வட்டாரத்தில் உருளைக்கிழங்கு தோண்டியவர்கள் கையில் கிடைத்தது. இரண்டு கைப்பிடிகளுள்ள வெள்ளிக் கிண்ணம். 350க்கும் மேற்பட்ட துண்டுகளைக் கோத்து ஆக்கியது. திருத்தூதர்களின் பெயர்களைப் பொடிப் புள்ளிகளுக்கிடையே மெலிதாகக் கீறியிருக்கிறார்கள். ஆனால் அதன் நுண்வேலையின் ஒரு பெரும் பகுதி அடிப்பாதத்தின் கீழ்ப்புறத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு பளிங்குக்கல், அதைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பொன்னிழைப் பின்னல்கள். பீடத்தில் வைத்திருக்கும்போது அது யார் கண்ணிலும் படாது. குரு கிண்ணத்தைத் தூக்கிச் சாய்க்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் எதிரே நிற்பவருக்குத் தெரியும். அலங்காரம் ஓர் அசைவுக்காகச் செய்யப்பட்டிருக்கிறது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் கிண்ணத்தைப் படமெடுத்து, எந்த மிருகம் எதைக் குறிக்கிறது என்று ஆராய்பவர் அந்த அசைவைத் தவறவிடுகிறார்.

இங்கிலாந்தின் குளோஸ்டர் மடத்துக்காக 1107க்கும் 1113க்கும் இடையில் வார்த்த விளக்குத்தண்டையும் அப்படியே பார்க்க வேண்டும். ஏறத்தாழ 51 செ.மீ. உயரம், மூன்று துண்டுகளாக மெழுகு வார்ப்பில் எடுத்துப் பூட்டியது. மனிதர்களும் விலங்குகளும் பூதங்களும் கொடிகளில் சிக்கி, ஒருவரையொருவர் இழுத்து, கடித்து, மேலே ஏறத் தவிக்கிறார்கள். நடுக்குமிழில் நான்கு நற்செய்தியாளர்களின் சின்னங்கள். மேலே மெழுகுவத்தி எரியும்போதுதான் அவர்கள் எதை நோக்கி ஏறுகிறார்கள் என்பது புரியும். விளக்கு அணைந்தால் அது வெறும் நெரிசல்.

இந்த இரண்டு பொருள்களையும் பார்த்த தமிழருக்குச் சுவாமிமலை நினைவுக்கு வராமல் போகாது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டலால் பொதிந்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றும் முறை தெயோபிலுஸ் தூபக்கலசத்துக்குச் சொன்ன முறையேதான். சோழர் காலத்து உற்சவமூர்த்திகளின் பீடத்தில் தண்டு செருகும் துளைகளும் வளையங்களும் உண்டு. அவை தோளில் ஏறி வீதியுலா போவதற்காகவே பிறந்தவை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் கொடுத்த பொன்கலன்களைக் கல்வெட்டுகள் ஒவ்வொன்றாக எடை சொல்லிப் பதிவு செய்திருக்கின்றன. பொன்னை நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான், நகைகளை நிறுத்த கல்லின் பெயர் தட்சிணமேரு விடங்கன். எடைக்கல்லுக்கே இறைவன் பெயர் என்றால், கைவினையின் துல்லியமும் பக்தியும் வேறு வேறு அறைகளில் இருக்கவில்லை என்றுதானே பொருள். இங்கே ஓர் ஆட்சேபம் எழும். மூர்த்தியில் இறைவன் எழுந்தருளுகிறான், கிண்ணம் வெறும் கொள்கலன், இரண்டையும் ஒப்பிடலாமா? இறையியலில் ஒப்பிடக் கூடாது, நானும் ஒப்பிடவில்லை. ஆனால் வேலைக்கும் வழிபாட்டுக்கும் உள்ள உறவில் ஒப்பீடு செல்லும். கிண்ணத்தை வழிபாட்டுக்கென அர்ப்பணித்த பின் அது வேறு பயனுக்கு ஆகாது, உடைந்து உருக்குலைந்தால் அந்த அர்ப்பணம் போய்விடும். ஊறுபட்ட மூர்த்திக்குப் பூசை நிற்கிறது. இரு மரபிலும் புனிதம் உலோகத்தின் முழுமையோடு, அதாவது வேலையின் முழுமையோடு கட்டுண்டிருக்கிறது.

ஐரோப்பிய வடிவங்களே கிறிஸ்தவத்தின் சொந்த வடிவங்கள் என்று எண்ணுவோருக்கு இந்துமாக்கடல் வேறு கதை சொல்கிறது. கி.பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்தில் மார் சபீர் ஈசோ எழுப்பிய தரிசாப்பள்ளிக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு இன்றும் இருக்கிறது. அது வட்டெழுத்தில் பழந்தமிழ் நடையில் எழுதியது; சாட்சிகள் அரபியிலும் பாரசீகத்திலும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். அது வழிபாட்டுப் பாத்திரம் இல்லைதான். ஆனால் ஒரு கிறிஸ்தவப் பள்ளி தன் உரிமையைக் காக்கத் தமிழ்நில வழக்கப்படி செம்பை நம்பியது என்பதற்கு அதுவே சான்று. பிறகு போர்த்துக்கீசியர் வந்தனர். 1542 முதல் முத்துக்குளித்துறையில் தமிழ் மீனவரிடையே உழைத்த பிரான்சிஸ் சவேரியார் 1545இல் மலாக்காவுக்கு வந்தார். 1552இல் சீனக் கரையோரத் தீவில் இறந்த அவர் உடல் 1553இல் மலாக்காக் குன்றின் மேல் சில மாதங்கள் கிடந்து, பிறகு கோவா சென்றது. அங்கே 1636–37இல் அந்தத் திருப்பண்டத்துக்கு வெள்ளிப் பேழை செய்தவர்கள் கோவாவின் இந்தியத் தட்டார்களே. அவர் வாழ்க்கை நிகழ்ச்சிகளைத் தகடு தகடாகப் புடைத்தெழுப்பினார்கள். வடிவம் இத்தாலியச் சாயல், கை இந்தியக் கை. ஜொகூரின் யோங் பெங்கிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் மலாக்காவில், 1710இல் எழுந்த புனித பேதுரு கோயிலின் பழைய மணியும் 1608இல் கோவாவில் வார்த்ததே. நம் மலாக்கா ஜொகூர் மறைமாவட்டத்தின் மூத்த மணியோசைகளில் ஒன்று இந்தியக் கடற்கரை வார்ப்பிலிருந்து எழுகிறது.

பொன்னும் வெள்ளியும் ஏன் என்ற பழைய கேள்வியையும் தட்டிக்கழிக்கக் கூடாது. 1125 அளவில் கிளேர்வோ மடத்துத் துறவி பெர்நார்து எழுப்பிய குற்றச்சாட்டு இன்றும் சுடுகிறது: கோயிலின் கற்களுக்குப் பொன்னாடை, ஏழைப் பிள்ளைகளுக்கு நிர்வாணம். அவருடைய காலத்தவரான சென் தெனி மடத்து அதிபர் சுஜேர், பழங்கால மணிக்கல் கோப்பை ஒன்றைப் பொன்னிலும் வெள்ளியிலும் பதித்துக் கிண்ணமாக்கினார். அழகின் ஒளி மனத்தை மேலே இட்டுச் செல்லும் என்பது அவர் கட்சி. வழக்கமாக இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டுக் கட்டுரையாளர்கள் விலகிக்கொள்வார்கள். எனக்கு இருவருக்கும் மூத்தவரான மிலான் ஆயர் அம்புரோஸ் சொல்லும் விடையே ஏற்புடையது. 4ஆம் நூற்றாண்டில் சிறைபிடிக்கப்பட்டோரை மீட்கக் கோயில் கிண்ணங்களை அவர் உருக்கி விற்றார். கலனைக் காப்பாற்றுவதைவிட ஆளைக் காப்பாற்றுவது மேல் என்றார். விலைமதிப்புள்ள உலோகத்தை வழிபாட்டில் வைப்பது, தேவை வந்தால் உருக்கவும் தயாராக இருக்கும்போதுதான் நியாயமாகிறது. அதோடு, இடைக்காலக் கலை பொன்னோடு நின்றுவிடவும் இல்லை. 1215இன் நான்காம் லாத்தரன் சங்கம் நற்கருணையைப் பூட்டி வைக்கச் சொன்ன பின், பிரான்சின் லிமோஜ் பட்டறைகள் செம்பில் எனாமல் பூசிய சிறு நற்கருணைப் பேழைகளை ஏராளமாகச் செய்து ஐரோப்பாவின் சிற்றூர்க் கோயில்களுக்கெல்லாம் அனுப்பின. அடிப்பொருள் மலிவான செம்பு, ஆனால் வேலையில் குறையில்லை.

இங்கிருந்துதான் நம் கோயில்களின் கேள்விக்கு வருகிறேன். 1969இல் இந்திய ஆயர்கள் கேட்டு உரோமை இசைந்த பன்னிரண்டு மாற்றங்களில், மெழுகுவத்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, பிடியுள்ள எளிய தூபக்கிண்ணம், பீடத் திருத்துகிலுக்குப் பதில் தாம்பூலத் தட்டு ஆகியவை இடம்பெற்றன. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, உச்சியில் அன்னத்துக்குப் பதில் சிலுவை தாங்கி, தமிழ்க் கோயில்களில் ஏறியது. இது இந்துக் கோயிலைப் பார்த்து ஒட்டவைத்த வேடம் என்று குறைகூறுவோர் கிறிஸ்தவரிலும் உண்டு, இந்துக்களிலும் உண்டு. முன்னவர்க்கு ஐரோப்பிய வரலாறே விடை சொல்லும். சுஜேரின் கிண்ணத்து நடுக்கோப்பை கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே கடைந்தெடுத்தது. ஆர்டாவின் சுருள் கோலங்கள் அயர்லாந்தின் பழைய குடிகள் தம் ஊசிகளிலும் குதிரைச் சேணங்களிலும் பழகிய சுருள்களின் வழிவந்தவை. எந்த ஊர்க் கொல்லருக்கு எது கைவந்ததோ அதையே திருச்சபை ஏந்தியது. பின்னவரின் கவலை வேறு, அதை மதிக்க வேண்டும்: தங்கள் வழிபாட்டின் அடையாளத்தை ஒருவர் பொருளறியாமல் எடுத்தாள்வது புண்படுத்தும். ஆனால் குத்துவிளக்கு திருமணத்திலும் பள்ளி விழாவிலும் சமயம் கடந்து ஏற்றப்படும் வீட்டு விளக்கு. அடிப்பாகம், தண்டு, அகல், உச்சி என்று தனித்தனியே வார்த்துத் திருகிப் பூட்டும் அதன் முறையும் குளோஸ்டர் தண்டின் முறையும் உடன்பிறப்புகள். உச்சியில் எதை வைப்பது என்பதைக் கோயில் முடிவுசெய்யட்டும். விளக்கின் பொருள் அதில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றும் கையில் இருக்கிறது.

நான் வருந்துவது வேறொன்றுக்கு. குத்துவிளக்கு ஏறியது, ஆனால் மின்குமிழ் பொருத்திய குத்துவிளக்கும் ஏறிவிட்டது. கிண்ணமும் தூபக்கலசமும் அச்சில் அடித்த மெல்லிய தகடாக, விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கியவையாக மாறிவிட்டன. இடைக்கால வடிவம் அவற்றில் அப்படியே இருக்கிறது. கோதிக் வளைவுகள், குமிழ், மணிகள் எல்லாம் உண்டு. ஆனால் எடை இல்லை, அடிப்பக்கத்தில் எதுவும் இல்லை. சின்னம் வடிவத்தில்தான் இருக்கிறது என்றால் இவை போதும். வேலையிலும் பயன்பாட்டிலும் இருக்கிறது என்றால் இவை போதா. 1972இல் உருவான மலாக்கா ஜொகூர் மறைமாவட்டத்தில், யோங் பெங் உட்பட, தமிழ் வழிபாடு நடக்கும் எந்தக் கோயிலும் அடுத்த முறை ஒரு விளக்கோ தூபக்கிண்ணமோ வாங்கும்போது, ஒரே ஒரு பொருளையாவது நாச்சியார்கோவில் கன்னாரிடமோ வேறு கைவினைஞரிடமோ சொல்லிச் செய்ய வைத்தால், அது துராந்துஸின் நூல் முழுவதையும் மொழிபெயர்ப்பதைவிடப் பெரிய சேவை.

அதைவிட அவசரமானது இருப்பதைக் காப்பது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மடங்களை ஒழித்தபோது வண்டி வண்டியாகக் கிண்ணங்கள் உருக்கப்பட்டன. குளோஸ்டர் விளக்குத்தண்டு தப்பியது, அதற்கு நெடுங்காலம் முன்பே பிரான்சின் ல மான் கோயிலுக்குக் கொடையாகப் போய்விட்டதால்தான். உலோகத்துக்குக் கல்லைப் போல் தங்கும் பேறு இல்லை. அதன் விலையே அதற்கு எமன். நம் நாட்டில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது தோட்டத்துச் சிற்றாலயங்களும் கோயில்களும் இடம்பெயர்ந்தன, மூடப்பட்டன. அவற்றின் பித்தளை மணிகளும் தட்டுகளும் விளக்குகளும் எங்கோ ஒரு மூலையில் கருத்துக் கிடக்கின்றன, அல்லது எடைக்குப் போகின்றன. ஆஸ்திரியாவின் கிரெம்ஸ்முன்ஸ்டர் மடத்தில் உள்ள 8ஆம் நூற்றாண்டுச் செம்புக் கிண்ணம் யாருடையது என்று உலகம் அறிவது, தாசிலோ கோமகனும் அவர் மனைவி லியுத்பிர்க்கும் அதன் பாதத்தைச் சுற்றித் தம் பெயர்களை வெட்டி வைத்ததால். நம் மக்களும் பாத்திரக் கடையில் பெயர் வெட்டாமல் ஒரு சொம்பைக் கூட வாங்கியதில்லை. உங்கள் கோயிலில் பழைய பித்தளை எதையாவது ஒதுக்க நேர்ந்தால், கொடுப்பதற்கு முன் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெயரும் ஆண்டும் இருந்தால் ஒரு தாளில் எழுதி, படமெடுத்து, கோயில் பதிவேட்டில் சேர்த்துவிட்டுப் பொருளையும் வைத்துக்கொள்ளுங்கள்.